25 கிலோ மூட்டை, முதுகு பிடிப்பு, ஒரு மணி நேர கிளாஸ்: என்னத்த சொல்லித் தர்றது?

புதுவை_புதுசேஃப்டி:
வணக்கம் மக்களே. புதுச்சேரி மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு சின்ன கம்பெனில குவாலிட்டி பாக்கறேன், போன மாசம் சேஃப்டியும் நீயே பாத்துக்கோன்னு தலையில கட்டிட்டாங்க. பவுடர் பேக்கிங் தான். 25 கிலோ பை, கன்வேயர் கடைசில ரெண்டு பேர் நின்னு எடுத்து பேலட்ல, அதாவது தரையில கிடக்கற மரத்தட்டுல அடுக்கணும். மூணு மாசத்துல நாலு பேருக்கு முதுகு பிடிச்சிக்கிச்சு, ஒருத்தர் இன்னும் லீவுல இருக்காரு. அடுத்த வியாழக்கிழமை ஒரு மணி நேரம் எர்கோனாமிக்ஸ் (உடம்புக்கு ஏத்த மாதிரி வேலைய அமைக்கறது) கிளாஸ் எடு, போட்டோ புடிச்சு ஃபைல்ல வை, ஆடிட் வருதுங்கறார் ஓனர். நெட்ல கிடைச்ச பிபிடி எல்லாத்துலயும் முதுக நேரா வை, முட்டிய மடக்கி தூக்குன்னு தான் இருக்கு. அது போதுமா? எல்லாருக்கும் இடுப்பு பெல்ட் வாங்கலாமான்னு வேற கேக்கறார். ஆளுங்க பாதி பேர் பாகூர், வில்லியனூர் பக்கம், மீதி ஒடிசா பசங்க.

சிப்காட்_பழசு:
தம்பி, கடலூர் சிப்காட்ல 19 வருஷம் ஸ்டோர்ஸ்ல இருந்தவன் நான். எங்களுக்கும் இதே கிளாஸ் எடுத்தாங்க, வடை டீ எல்லாம் குடுத்தாங்க, மறுநாள் லைன்ல போய் நின்னு பாத்தா ஒருத்தனும் முட்டிய மடக்கல. எப்படி மடக்குவான், நிமிஷத்துக்கு நாலு பை வருது, ஒவ்வொண்ணுக்கும் உக்காந்து எழுந்தா கால் மணி நேரத்துல தொடை கடுத்துடும். முதுநகர் பக்கம் மூட்டை தூக்கறவங்கள பாருங்க, பெரிய மூட்டைய தரையிலேர்ந்து தனியா எவனும் எடுக்க மாட்டான், ரெண்டு பேர் ஏத்தி விடுவாங்க, அவன் முதுகுல வாங்கிக்குவான். அவனுக்கு யாரும் பிபிடி போட்டுக் காட்டல.

அமெரிக்காவுல நியோஷ்னு ஒரு அரசு அமைப்பு 1991ல ஒரு கணக்கு போட்டு வச்சிருக்கு. எல்லாமே சாதகமா இருந்தா, அதாவது சுமை உடம்போட ஒட்டி, இடுப்பு உயரத்துல, திரும்பாம, எப்பயாவது ஒரு தடவை தூக்கினா 23 கிலோ. அதே சுமை 25 சென்டிமீட்டர்லேர்ந்து 50 சென்டிமீட்டர் தள்ளிப் போனா பாதி தான், பதினொன்றரை கிலோ. பேலட்டோட அந்தப் பக்க மூலையில எட்டி வைக்கிற பையெல்லாம் இந்தக் கணக்கு தான். உங்க 25 கிலோ நல்ல நிலையிலயே தேறல, இதுல குனியறது, திரும்பறது, நாள் முழுக்க தூக்கறது வேற. அதனால முதல்ல உயரத்த மாத்துங்க. நாங்க காலி பேலட் மூணு அடுக்கி அதுமேல வேலை பேலட்ட வச்சோம், கீழ் வரிசை முட்டி உயரத்துக்கு வந்துச்சு. ஆனா மேல ரெண்டு வரிசை நெஞ்சுக்கு மேல போயிடுச்சு, அதக் கம்மி பண்ணோம், ஃபோர்க்லிஃப்ட்காரர் ட்ரிப் ஜாஸ்தின்னு ஒரு வாரம் முனகினாரு. கையால தள்ளற பேலட் வண்டி அந்த உயரத்துல நுழையாது, அத மனசுல வச்சுக்கோங்க.

பெல்ட் வேணாம். அடிபடாதவங்களுக்கு பெல்ட் காவல்ங்கறதுக்கு ஆதாரமே இல்லன்னு அதே நியோஷ் 1994லயே சொல்லிடுச்சு. பெல்ட் போட்டவன் தைரியத்துல இன்னொரு பை சேத்து தூக்குவான், அதான் நடக்கும்.

பேக்கிங்_அக்கா:
மூட்டைய மட்டும் பேசறீங்களே, டேபிள்ல நிக்கற எங்களையும் பாருங்க சார். சேதராப்பட்டு பக்கம் ஒரு கம்பெனில ஆறு வருஷமா டப்பா மூடி திருகறேன். டேபிள் யாரோ ஆறடி ஆளுக்கு அடிச்சது, எனக்கு மாருக்கு வருது, தோள தூக்கிட்டே திருகணும், சாயங்காலம் வீட்டுக்குப் போய் தலை வார கை மேல போகாது. கிளாஸ் எடுத்த சார் கழுத்த இப்படி சுத்துங்க அப்படி சுத்துங்கன்னு காட்டிட்டுப் போயிட்டாரு. அப்புறம் எங்க மேஸ்திரி பழைய மரப்பலகை ரெண்டு கொண்டாந்து காலுக்குக் கீழ போட்டாரு, முழங்கை டேபிளுக்குக் கொஞ்சம் மேல வந்துச்சு, அவ்ளோ தான், பாதி வலி போச்சு. நின்னே வேலை செய்யறவங்களுக்கு இடையில உக்கார வசதி தரணும்னு பழைய ஃபேக்டரி சட்டத்துல 44வது பிரிவே இருந்துச்சாம், யூனியன்ல ஒரு அண்ணன் சொன்னாரு. ஸ்டூல் கேட்டா தூங்கிடுவீங்கன்னு சிரிக்கறாங்க. நீங்க கிளாஸ் எடுக்கறதுக்கு முன்னாடி யாருக்கு எங்க வலின்னு கேளுங்க, பொம்பளைங்ககிட்ட தனியா கேளுங்க, சூப்பர்வைசர் பக்கத்துல நின்னா வாயே திறக்க மாட்டோம்.

பிசியோ_கோரிமேடு:
சிப்காட் அண்ணன் சொன்னது சரி. தூக்கற முறைய மட்டும் சொல்லிக் குடுத்து முதுகு வலி குறைஞ்சதுக்கு ஆதாரம் இல்லன்னு 2011 காக்ரேன் ரிவியூவும் (பல ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாக்கற மருத்துவ அறிக்கை) சொல்லுது. கிளாஸ் எடுங்க, ஆனா ஹால்ல வேணாம், லைன்லயே எடுங்க. அவங்க தூக்கறத பக்கவாட்டுல செல்போன்ல எடுத்து அவங்களுக்கே காட்டுங்க, ஒடிசா பசங்களுக்கு மொழிப் பிரச்சனையும் இல்ல. முக்கியமா வலி வந்த அன்னைக்கே சொல்லணும்னு சொல்லுங்க. என்கிட்ட வர்றவங்க வாயு பிடிப்புன்னு ஒரு மாசம் தைலம் தேய்ச்சிட்டு தான் வர்றாங்க. சும்மா முதுகு பிடிப்புன்னா படுத்தே கிடக்க வேணாம், முடிஞ்ச அளவு நடமாடலாம். ஆனா கால் மரத்து பலம் குறைஞ்சாலோ, ஒண்ணுக்குப் போறதுல சிக்கல் வந்தாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரி.

இன்னொண்ணு, தூக்கும்போது டக்குனு பிடிச்சா ஆக்சிடன்ட் புக்ல எழுதுங்க. ஈஎஸ்ஐல வேலைக் காயம்னா 90 சதவீதம் சம்பளம், சாதா சிக் லீவுன்னா 70 தான், அதுவும் வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். பல கம்பெனில இத எழுதவே மாட்டாங்க.

புதுவை_புதுசேஃப்டி:
எல்லாருக்கும் நன்றி. நேத்து டேப் வச்சு அளந்தேன், கன்வேயர் 80 சென்டிமீட்டர், பேலட் 15. எங்ககிட்ட ஃபோர்க்லிஃப்ட் இல்ல, ஆனா மெயின்டனன்ஸ்ல ஒரு டன் கை ஸ்டாக்கர், அதாவது பேலட்ட மேல தூக்கி இறக்கற கை வண்டி, தூசி புடிச்சு கிடந்துச்சு. அதுல பேலட்ட வச்சு தூக்கி நிறுத்தி, வரிசை ஏற ஏற கொஞ்சம் கொஞ்சமா இறக்கினோம். 40 பை அடுக்குவோம், லோடு கணக்கா இருக்கட்டும்னு 30ல நிறுத்திட்டோம். நான் மேனுவல் தேடிட்டு இருக்கறதுக்குள்ள ஒடிசா பையன் ஒருத்தன் எத்தனை பைக்கு எவ்ளோ இறக்கணும்னு ஸ்டாக்கரோட நிக்கற கம்பத்துல சாக்பீஸ்ல கோடு போட்டுட்டான். ஓனர் வந்து பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, பெல்ட் ஆர்டர மட்டும் நிறுத்திட்டாரு. லீவுல இருக்கற அண்ணனுக்கு ஆக்சிடன்ட் புக்ல எழுதவே இல்ல, அது தான் உறுத்துது, ஹெச்ஆர்ல கேட்டிருக்கேன். அக்கா, உங்க பலகை எவ்ளோ உயரம்? எங்க டேபிளுக்கும் வேணும்.

பேக்கிங்_அக்கா:
நாலு விரக்கடை சார். ஓரத்துல ரப்பர் அடிச்சிடுங்க, வழுக்கும்.