அறைக்கதவுக்கு ஆங்கில டேக்லைன் எழுதியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கும்பகோணத்திலிருந்து:

எங்கள் ஊரில் ஒரு பழைய ஓட்டு வீட்டை, டிசைனர்களும் வீடியோ எடிட்டர்களும் வாடகைக்கு உட்கார்ந்து வேலை செய்யும் இடமாக மாற்றியிருக்கிறார்கள். அறைகளுக்குக் கல்லணை, கொள்ளிடம், அரசலாறு, புது ஆறு என்று பெயர். வெளிநாட்டு ஆட்களும் வருவதால், பெயருக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு சின்ன வரி வேண்டும் என்று உரிமையாளர் கூப்பிட்டார்.

அவரிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது: ‘வேர் ஐடியாஸ் ஃப்ளோ’, அதாவது எண்ணங்கள் பாயும் இடம்.

“ஆத்துப் பேருக்குப் பொருத்தமா இருக்குல்ல தம்பி?”

“இருக்குங்கண்ணே. எந்தக் கதவுல மாட்டப்போறீங்க?”

“எந்தக் கதவுலயும் மாட்டலாமே!”

அதுதான் சிக்கல் என்றேன். பக்கத்து அறைக்கு மாற்றி மாட்டினாலும் பொருந்துகிற வரி எந்த அறையைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. நான் நம்பும் ஒரே சோதனை இதுதான். ‘ட்ரீம்’, ‘இன்ஸ்பயர்’, ‘க்ரியேட்’ எல்லாம் இதிலேயே விழுந்துவிடும்.

பிறகு இருவரும் அறை அறையாகப் போனோம். உள்ளே வருகிறவர் முதலில் என்ன செய்வார் என்று மட்டும் கேட்டுக்கொண்டே வந்தேன். கல்லணையில் திங்கட்கிழமை கூடி, யாருக்கு எந்த வேலை என்று பிரிப்பார்களாம். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிற இடத்தின் பெயர் அந்த அறைக்கு வாய்த்திருந்தது. ‘டிவைட் த வொர்க்’ என்று எழுதினேன். கொள்ளிடம், மனதில் தோன்றியதையெல்லாம் சுவரில் எழுதித் தள்ளும் அறை. வெள்ளம் வந்தால் உபரியைத் தாங்குவது கொள்ளிடம்தானே. ‘லெட் இட் ஸ்பில்’, வழியட்டும் என்று எழுதினேன். அரசலாறு ஒலிப்பதிவு அறை: ‘லிசன், தென் ரெக்கார்ட்’. புது ஆறு, புதிதாகச் சேருகிறவர்கள் உட்காரும் கூடம். 1934-இல் மேட்டூர் அணையோடு வந்த அந்தக் கல்லணைக் கால்வாயை இன்னும் ‘புது’ ஆறு என்றே கூப்பிடுகிறோம் என்பது எனக்கு மிகவும் பிடிக்கும். அங்கே ‘ஸ்டார்ட் ஹியர்’ போதும்.

கரிகாலன் கட்டியது, எத்தனை நூற்றாண்டு பழையது என்பதையும் கல்லணைக் கதவில் சேர்க்கச் சொன்னார். வேண்டவே வேண்டாம் என்றேன். மண்ணைச் சொல்லும் வேலையைப் பெயர் பார்த்துக்கொள்ளும். கீழே உள்ள வரி அறையில் நடப்பதை மட்டும் சொல்லட்டும். வரலாறு முக்கியம்தான், அதற்குத் திண்ணையில் தனிப் பலகை வைக்கலாம். கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் ஒத்துக்கொண்டார்.

சுவாமிமலையிலிருந்து:

எங்கள் சிற்பக்கூடத்துக்கும் வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்ப்பதால் வரிகள் எழுதினோம். எங்களுக்கு அழகைவிடப் பாதுகாப்புதான் பெரிது. உலோகம் வார்க்கும் கொட்டகைக்கு ஒரு பயிற்சி மாணவர் ‘வேர் காட்ஸ் ஆர் பார்ன்’ என்று எழுதிக் கொடுத்தார். தெய்வங்கள் பிறக்கும் இடம் என்று அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்ட பெரியப்பா, “நல்லாத்தான் இருக்கு. ஆனா அதைப் படிச்சுட்டு பக்கத்துல வந்துடுவாங்களேப்பா” என்றார். உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றும் நேரத்தில் யாரும் நெருங்கக் கூடாது. ‘ஸ்டாண்ட் பேக் அண்ட் வாட்ச்’ என்று மாற்றினோம். மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டல் பூசிக் காயவைக்கும் அறையில் ‘வெட் க்ளே, ஹேண்ட்ஸ் ஆஃப்’. மெழுகு அறையில் எதுவும் எழுதவில்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து காய்ச்சுகிற மணமே போதும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான்.

மன்னார்குடியிலிருந்து:

ஒரே சொல்லும் போதும். ஐபிஎம் அலுவலகச் சுவர்களில் இருந்த ‘திங்க்’ அப்படித்தானே! பின்னாளில் ஐபிஎம்மை நடத்திய தாமஸ் வாட்சன் அதை 1911-இல், வேறு கம்பெனியில் இருந்தபோதே ஆரம்பித்துவிட்டார். எங்கள் எடிட்டிங் அறையில் ‘கட்’ என்று மட்டும் இருக்கிறது, யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

தஞ்சாவூரிலிருந்து:

போர்டு எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று. வரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் தூரத்திலிருந்து படிக்க முடிய வேண்டும். பத்தடி தூரத்துக்கு எழுத்து ஓர் அங்குல உயரம் என்பது எங்கள் தொழில் கணக்கு. எழுத்து பெரிதாகப் பெரிதாக வீட்டுக் கதவு அகலத்தில் சில சொற்கள்தான் அடங்கும், மீறினால் இரண்டாவது வரிக்கு இறங்கிவிடும். பளபளக்கிற அக்ரிலிக் வேண்டாம், முற்றத்து வெயில் பட்டுக் கண் கூசும். கும்பகோணம் தம்பி, ‘லிசன், தென் ரெக்கார்ட்’ எத்தனை அடியிலிருந்து தெரிய வேண்டும்?

கும்பகோணத்திலிருந்து:

தாழ்வாரத்தின் அந்த முனையிலிருந்து தெரிய வேண்டும் அண்ணே, இருபதடி இருக்கும். அப்படியென்றால் இரண்டு அங்குல எழுத்து. கதவில் அடங்காது, ‘லிசன்’ மட்டும் வைத்துக்கொள்கிறேன்.