அம்மாவுக்கு ஒரே மாதத்தில் எப்படிப் புற்றுநோய் வந்தது?

மூத்தமகன்:
அம்மாவுக்கு வயது 58. பெருங்குடலில் புற்றுநோய் என்று பயாப்ஸி (திசுப் பரிசோதனை) சொல்லிவிட்டது. போன மாதம்வரை ஓடியாடி வேலை செய்தவர். புகையிலை, மது வாசனையே அறியாதவர். "நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று ராத்திரியெல்லாம் கேட்கிறார். ஒரே மாதத்தில் இப்படி வருமா? நாங்கள்தான் கவனிக்காமல் விட்டோமா?

நுண்ணோக்கி:
தம்பி, 20 வருடமாகத் திசுக்களை ஸ்லைடில் பார்ப்பது என் வேலை. இது ஒரு மாதத்தில் வந்ததில்லை. பெருங்குடலின் உள்சுவரில் சின்ன பாலிப்பாக, அதாவது சதைமுளையாகத் தொடங்கிப் புற்றாக மாறப் பெரும்பாலும் 10 வருடமாவது ஆகும். அதுவரை வலியே இல்லாமல் இருக்கலாம். நீங்கள் எதைக் கவனித்திருக்க முடியும்?

குடலின் உள்தோல் நாலைந்து நாளுக்கொரு முறை உதிர்ந்து புதிதாகிறது. ஒவ்வொரு செல்லும் இரண்டாகும்போது டி.என்.ஏ.வில் சுமார் 600 கோடி எழுத்துகளைப் பிரதியெடுக்க வேண்டும். பிழை விழத்தான் செய்யும். பெரும்பாலானவற்றைச் செல்லே திருத்திவிடும், ஒன்றிரண்டு தங்கிவிடும். பல குடல் புற்றுகளில் முதலில் பழுதாவது ஏ.பி.சி. என்ற மரபணு. அது போனால், உதிர வேண்டிய செல்கள் குவிந்து பாலிப் ஆகும். பிறகு கே-ராஸ் என்ற மரபணுவும் பழுதானால் வளர்ச்சி வேகமெடுக்கும். கெட்டுப்போன செல்லைத் தடுத்து நிறுத்தும் டி.பி.53 என்ற மரபணுவும் போய்விட்டால் காவலே இல்லை. அந்தச் செல்கள் தங்கள் அடுக்கைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்கின்றனவா என்பதைத்தான் நான் ஸ்லைடில் தேடுவேன். இறங்கியிருந்தால் புற்று.

புகை, மது ஆபத்தைக் கூட்டும், உண்மைதான். ஆனால் எதையும் தொடாதவர்களுக்கும் வயது ஏற ஏறப் பிழைகள் சேரும். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அவர் செய்த பாவம் எதுவுமில்லை.

கடைக்குட்டி:
எங்கள் அப்பாவுக்கும் இதேதான். பிள்ளைகள் எந்த வயதில் கொலனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்துகொள்ள வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். எனக்கு இரண்டு பாலிப் இருந்தது, அப்போதே எடுத்துவிட்டார்கள்.

மூத்தமகன்:
கேட்கிறேன். நுண்ணோக்கி அக்கா, ஸ்கேனில் கல்லீரலிலும் இரண்டு புள்ளிகளாம். அப்படியென்றால் இரண்டு புற்றுநோயா?

நுண்ணோக்கி:
அது பரவியதுதானா என்பதை டாக்டர்தான் உறுதிசெய்ய வேண்டும். பரவியிருந்தாலும் நோய் ஒன்றுதான். குடலின் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போவதால் செல்கள் அங்கே போய் ஒட்டும். ஸ்லைடில் வைத்தால் கல்லீரலுக்குள் குடலின் சுரப்பிகள் போலவே தெரியும். மருந்தும் குடல் புற்றுக்கானதையே கொடுப்பார்கள். இரண்டே புள்ளி என்றால், அறுவை சிகிச்சையில் எடுக்க முடியுமா என்று அவசியம் கேளுங்கள். சிலருக்கு முடிகிறது.