டைக் வீதி வீட்டு இரும்புப் பெட்டி

*குழு: டைக் வீதிக் குடும்பம், திருகோணமலை*
*சனிக்கிழமை*

*அத்தை (டைக் வீதி), காலை 9.12*
ஐயாவின், உங்கள் அப்பப்பாவின், இரும்புப் பெட்டியை நேற்றுத்தான் நானும் உங்கள் மாமாவும் உடைத்துத் திறந்தோம். தேசாபிமானி, தொழிலாளி என்ற கம்யூனிஸ்ட் பத்திரிகைகளின் கட்டுகள், மல்லிகை என்ற இலக்கியச் சஞ்சிகையின் இதழ்கள், கட்சிச் சந்தாப் பற்றுச்சீட்டுகள், ஒரு கொப்பி ஆகியவை உள்ளே இருந்தன. பாதி செல்லரித்துவிட்டது. வெயில் காட்டுவோம் என்று முற்றத்தில் விரித்துவிட்டுத் தேநீர் ஊற்ற உள்ளே போன நேரத்தில், கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று தேசாபிமானி ஒன்றின் மூலையைத் தின்றுவிட்டது.

*தம்பி (கம்பஸ்), காலை 9.15*
கட்சிப் பத்திரிகையை முழுதாகச் செரித்த முதல் ஆள் அந்த மானாகத்தான் இருக்கும், அத்தை.

*பெரியப்பா (உவர்மலை), காலை 9.31*
தம்பி, சிரிக்கலாம், ஆனால் அந்தப் பத்திரிகையை வாங்குவதற்காக டொக்யார்டில் வேலை செய்த மனிதர் ஒருவர் வெற்றிலையைக் குறைத்தார் என்பதையும் தெரிந்துகொண்டு சிரிக்க வேண்டும். 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது வேலை இழந்தவர்களில் ஐயாவும் ஒருவர். அதற்குப் பிறகும் சந்தாவை நிறுத்தவில்லை. தங்கச்சி, பற்றுச்சீட்டுகளில் கடைசித் திகதி என்ன என்று பார்த்துச் சொல்.

*அக்கா (ஸ்காபரோ), காலை 9.48*
இங்கே இரவு நடுச்சாமம் ஆகிறது. ஆனாலும் இதைப் படித்த பிறகு நித்திரை வரப்போவதில்லை. அந்தப் பெட்டியை எதற்காகக் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள். வர்க்கம் ஒன்றுபட்டால் இனப்பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும் என்று 30 ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், 1983 ஜூலையில் நாங்கள் உடுத்த உடுப்போடு கொழும்பிலிருந்து கப்பலேறியபோது எங்கே இருந்தார்கள்? தலைவர்கள் அமைச்சர்களானார்கள். அவர்களுக்காக எழுதியவர்கள் பேராசிரியர்களானார்கள். அப்பப்பாவுக்கு மிஞ்சியது செல்லரித்த காகிதம்.

*பெரியப்பா (உவர்மலை), காலை 10.20*
பிள்ளை, உன் கோபத்தின் முதற்பாதியில் எனக்கு மறுப்பில்லை. உன்னைவிடக் கூடுதலாகவே கோபப்படுகிறேன், ஏனென்றால் நான் அவர்களை நம்பியவன். 1935இல் இடதுசாரிக் கட்சியான சமசமாஜக் கட்சி தொடங்கியபோதும், 1943இல் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியபோதும், இந்த நாட்டில் சிங்களவரும் தமிழரும் ஒரே மேடையில் சமமாக நின்ற இடம் வேறு எதுவும் இருக்கவில்லை. 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடே நின்றது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்று சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர்.டி.சில்வா சொன்னதை ஐயா வீட்டில் மந்திரம் போலச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அதே கொல்வினின் கட்சி 1964 ஜூனில் பிரதமர் சிறிமாவோவின் அமைச்சரவைக்குள் போனது. 1966 ஜனவரி 8ஆம் திகதி, மறுபடியும் பிரதமரான டட்லி கொண்டுவந்த, தமிழுக்குக் கொஞ்சம் இடம் தரும் ஒழுங்குவிதிகளை எதிர்த்துச் சிறிமாவோவின் சுதந்திரக் கட்சி நடத்திய ஊர்வலத்தில் சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் கூடவே நடந்தார்கள். டட்லியின் வயிற்றில் மசாலா வடை என்ற கோஷம் அந்தக் காலத்து இடதுசாரி ஊர்வலங்களில் கேட்டதுதான். வடை யாருடைய பலகாரம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வாரம் அம்மா சுட்ட வடையை ஐயா தொடவில்லை.

*பெரியப்பா (உவர்மலை), காலை 10.27*
மிகுதியையும் சொல்லிவிடுகிறேன். 1972 மே 22ஆம் திகதி நிறைவேறிய குடியரசு யாப்பை அரசியலமைப்பு விவகார அமைச்சராக இருந்து ஆக்கியவர் அந்தக் கொல்வின்தான். அதற்கு முன்னிருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு தந்த சிறுபான்மைப் பாதுகாப்பு அதில் இல்லை. பௌத்தத்துக்கு முதன்மை இடம் இருந்தது. சிங்களம் மட்டுமே அரச மொழி என்பது சட்டத்திலிருந்து யாப்புக்கே ஏறியது. 3 ஆண்டுகளில் சமசமாஜக் கட்சியை அரசாங்கத்திலிருந்து துரத்தினார்கள். 1977 தேர்தலில் இரண்டு கட்சிகளுக்கும் சேர்த்து ஓர் ஆசனம்கூடக் கிடைக்கவில்லை.

*அத்தை (டைக் வீதி), காலை 10.41*
கடைசிப் பற்றுச்சீட்டு 1972 மே மாதத்துக்குரியது, அண்ணா. அதற்குப் பிறகு கட்சியின் பெயரில் ஒன்றும் இல்லை. ஆனால் மல்லிகைக்குச் சந்தா அனுப்பிய காசுக்கட்டளைத் துண்டுகள் 1989 வரை இருக்கின்றன. அதுவும் ஆண்டு வாரியாக, நூல் கோத்து.

*தம்பி (கம்பஸ்), காலை 10.44*
அப்படியானால் கட்சியை விட்டவர் எழுத்தை விடவில்லை.

*அக்கா (ஸ்காபரோ), காலை 10.52*
விட்டிருக்க வேண்டும். அந்த எழுத்தாளர்கள் அதே தலைவர்களுக்குக் குடை பிடித்தவர்கள்தானே. 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தைத் திறந்து, இடதுசாரி விமர்சகர் கைலாசபதியை அதன் முதல் தலைவராக்கியது அதே அரசாங்கம். தமிழ் மாணவருக்குக் கூடுதல் புள்ளி கேட்கும் தரப்படுத்தலைக் கொண்டுவந்து எங்கள் அண்ணன்மாரின் பல்கலைக்கழக இடத்தைப் பறித்ததும் அதே அரசாங்கம். ஒரு கையால் பறித்து மறு கையால் கொடுத்ததை வாங்கிக்கொண்டவருக்கு என்ன மரபு?

*அத்தை (டைக் வீதி), காலை 11.15*
பிள்ளை, நான் அரசியல் படித்தவள் அல்ல; கண்டதைச் சொல்கிறேன். 1968இல் நான் பலாலியில் ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன். மாவிட்டபுரம் கோயில் திருவிழாவுக்குப் போனபோது, உள்ளே விடச் சொல்லி வெயிலில் மணலில் குந்தியிருந்த ஒடுக்கப்பட்ட சாதியினரைப் பார்த்தேன். வாசலை மறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் முன்னாள் அமைச்சர் சுந்தரலிங்கம். மறியலுக்கு எதிரே குந்தியிருந்தவர்களுக்குப் பின்னால் நின்றது சண்முகதாசனின் சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சி. தமிழுக்காக உயிரைக் கொடுப்போம் என்று மேடையில் முழங்கியவர்களில் ஒருவரையும் நான் அன்று அந்த மணலில் காணவில்லை. என்னோடு பயிற்சியில் இருந்த ஒரு பிள்ளை, தேநீர்க் கடைக்குப் போனால் தனக்குப் போத்தலில்தான் ஊற்றுவார்கள் என்று கூச்சத்தோடு என்னிடம் சொல்லிவிட்டு வெளியே நின்றது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. எழுத்தாளர் டானியல் அந்த மனிதர்களைப் பற்றி எழுதாவிட்டால் யார் எழுதியிருப்பார்கள்? டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் சலூன் வைத்திருந்தவர். முடி வெட்டிய கையாலேயே 1966இல் மல்லிகையைத் தொடங்கி, கக்கத்தில் வைத்துத் தெருத் தெருவாக விற்றார். அவர் யாருக்கும் குடை பிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. அவருக்கே குடை இருந்திருக்காது.

*பெரியப்பா (உவர்மலை), மதியம் 12.03*
தங்கச்சி சொன்னது முழு உண்மை. ஆனால் அதுவே முழுக் கணக்கும் அல்ல. கைலாசபதி கொழும்புத் தினகரன் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தபோது நம் ஊர்ப் பேச்சும் நம் ஊர் மனிதரும் கதைக்கு உரியவர்கள் என்ற துணிவை எங்களுக்குக் கொடுத்தார். அதுவரை நாங்கள் சென்னைச் சஞ்சிகைகளைப் பார்த்து மெரீனாக் கடற்கரையை வர்ணித்துக்கொண்டிருந்தோம், நம் ஊர் டச்சுக்குடாவில் நின்றுகொண்டு. அந்தக் கடனை நான் மறக்கமாட்டேன். ஆனால் சாதியைப் பற்றி அவ்வளவு கூர்மையாகப் பேசிய முற்போக்காளர் அணி, இனத்தைப் பற்றிப் பேசவேண்டிய நேரத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றது. பேசினால் பிற்போக்குவாதி, வகுப்புவாதி என்ற முத்திரை விழும் என்ற பயம். எழுத்தாளர்கள் தளையசிங்கமும் எஸ்.பொ.வும் அந்த அணியோடு மோதியபோது நாங்கள் அவர்களையே குறை சொன்னோம். நம் ஊரில் பிறந்த கவிஞர் தருமு சிவராமைப் படிக்கவே மறுத்தேன், நான்; வெட்கத்தோடு சொல்கிறேன்.

விதிவிலக்குகளும் உண்டு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது புத்தரையே சுட்டுக் கொன்றார்கள் என்று எழுதிய கவிஞர் நுஃமான் இடதுசாரிப் பாசறையிலிருந்து வந்தவர்தான், கல்முனைப் பக்கத்தவர். கைலாசபதி 1982 டிசம்பரில், 49 வயதில் போய்விட்டார். 1983ஐப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று ஊகித்து அவரைக் காப்பாற்றவும் முடியாது, கூண்டில் ஏற்றவும் முடியாது.

*தம்பி (கம்பஸ்), மதியம் 12.20*
பெரியப்பா, இதையெல்லாம் நீங்கள் சொல்லும்போது எனக்கு வேறொன்று உறுத்துகிறது. 2024 பொதுத் தேர்தலில் எங்கள் மாவட்டத்தின் 4 ஆசனங்களில் 2, ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சியின் தலைமையிலான தேசிய மக்கள் சக்திக்குப் போனது. அதில் என் வாக்கும் இருக்கிறது. ஊழல் ஒழியட்டும் என்று போட்டேன். அப்போது நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

*பெரியப்பா (உவர்மலை), மதியம் 12.26*
சொல்லியிருந்தால் கேட்டிருப்பாயா? ஜே.வி.பி.யினர் போட்ட வழக்கில்தான் 2006 ஒக்டோபரில் வடக்கு–கிழக்கு இணைப்பு செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. சிவப்புச் சட்டை எங்கள் மாகாணத்தைப் பிரித்த கதை உன் வயதுக்காரருக்குத் தெரியாது. ஆனாலும் உன்னைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. உன் வயதில் நானும் சிவப்பைப் பார்த்துத்தான் நடந்தேன்.

*மாமா (டைக் வீதி), மதியம் 12.31*
மான் திரும்பவும் வந்துவிட்டது. இம்முறை நான் தடியோடு நிற்கிறேன். மத்தியானச் சாப்பாட்டை யாராவது முற்றத்துக்குக் கொண்டுவந்து தந்தால் பேருதவியாக இருக்கும்.

*நான், பிற்பகல் 2.10*
அத்தை வீட்டுக்கு வந்து கொப்பியைப் பார்த்தேன். நீல அட்டை, உள்ளே ஊதா மை. முதல் பக்கத்தில் கொல்வினின் அந்த வாசகத்தை அப்பப்பா சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார். அதன் கீழே, வேறொரு நாளில் எழுதியதாகத் தெரியும் கறுப்புப் பென்சிலில், 22.5.72 என்ற திகதி மட்டும் இருக்கிறது. ஒரு சொல்லும் இல்லை.

அட்டை கிழிந்துபோன ஒரு சஞ்சிகை இருக்கிறது, பெயர் தெரியவில்லை. அதில் தொழிலாளர் ஒற்றுமை பற்றிய ஒரு கட்டுரையின் ஓரத்தில், 'நன்று. ஆனால் எங்கள் பிள்ளைகளைப் பற்றி எங்கே?' என்று எழுதியிருக்கிறார். அதே இதழில் ஒரு மீனவரைப் பற்றிய சிறுகதையின் முடிவில், 'இவன் உண்மையாக எழுதுகிறான். காசு அனுப்ப வேண்டும்' என்று இருக்கிறது.

*அக்கா (ஸ்காபரோ), பிற்பகல் 2.24*
அந்த முதல் வரியைத் திரும்ப ஒருமுறை படம் எடுத்து அனுப்பு. எழுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

*நான், பிற்பகல் 2.26*
அனுப்பியிருக்கிறேன், அக்கா. 'பிள்ளைகளை' என்ற சொல்லில் பென்சில் முறிந்திருக்கிறது, அழுத்தி எழுதியிருக்கிறார்.

*அக்கா (ஸ்காபரோ), பிற்பகல் 2.41*
அப்பப்பா எங்களிடம் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. அவர் அவர்களுடைய பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டுதான் நான் விமானம் ஏறினேன். பெட்டியை எறிய வேண்டாம்.

*தம்பி (கம்பஸ்), பிற்பகல் 3.05*
எல்லாவற்றையும் ஸ்கான் செய்து நூலகம் என்ற இணையத்தளத்துக்குக் கொடுக்கலாம். யாரும் இலவசமாகப் படிக்கலாம். பக்கங்கள் சுத்தமாக இருந்தால் நல்லது என்பதால், ஓரத்தில் உள்ள பென்சில் எழுத்துகளை அழித்துவிட்டு ஸ்கான் செய்கிறேன். நாளைக்கு நல்ல அழிறப்பர் ஒன்று வாங்கி வருகிறேன்.

*பெரியப்பா (உவர்மலை), பிற்பகல் 3.06*
தம்பி, அழிறப்பரை வாங்காதே. வாங்கியிருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடு. நாளைக்குக் காலையில் நானே வருகிறேன். மூக்குக்கண்ணாடியையும் உருப்பெருக்கியையும் கொண்டுவருகிறேன். நான் வரும்வரை அந்தச் சஞ்சிகையை முற்றத்தில் வைக்காதீர்கள்.

*மாமா (டைக் வீதி), பிற்பகல் 3.09*
மச்சான், உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். தடியையும்.