தென்னைக்குப் பின்னால் டவர்: கம்பியில்லா இணைப்பு, டெல்டா அனுபவங்கள்

குடமுருட்டி (வலங்கைமான் பக்கம்):

கம்பியில்லா இணைப்பை நம்பிக் கிராமத்தில் இருக்கிறவர்கள் பட்டதையும் கற்றதையும் எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

2020இல் பள்ளிக்கூடம் மூடிய பிறகு மகளுக்கு செல்லில்தான் வகுப்பு. எங்களுடையது பழைய ஓட்டு வீடு, கனத்த சுவர், மூன்று பக்கமும் தென்னையும் மூங்கிலும். உள்ளே ஒரு கோடு வரும், போகும். அவள் நோட்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு களத்துமேட்டுக்குப் போய் வைக்கோல் போரில் சாய்ந்து உட்கார்ந்து படிப்பாள். தூறல் விழுந்தால் செல்லை துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு ஓடி வருவாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இந்த சிக்னல் விஷயத்தில் இறங்கினேன்.

முதல் பாடம், செல்லில் காட்டும் சிக்னல் கோடுகளை நம்பாதீர்கள். சிக்னல் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டால் ஆர்எஸ்ஆர்பி என்று மைனஸில் ஓர் எண் காட்டும், டவரின் அலை எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதற்கான அளவு அது, மைனஸுக்குப் பின்னால் எண் சின்னதாக ஆக ஆக சிக்னல் நல்லது. எங்கள் கூடத்தில் மைனஸ் 114. கொல்லையில் 106. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் 94. இந்த எண்ணின் அலகு டிபி, அதாவது டெசிபல். இருபது டிபி கூடினால் வந்து சேரும் சக்தி 100 மடங்கு கூடுகிறது என்று அர்த்தம், அதுவும் ஒரே வீட்டில், பத்தடி உயரத்தில்!

சரி என்று வெளி ஆன்டெனா மாட்டக்கூடிய 4ஜி ரௌட்டர் வாங்கி, 20 அடி ஜிஐ பைப்பில் ஆன்டெனாவைக் கட்டி, அங்கிருந்து கூடம் வரை மெல்லிய கோஆக்சியல் கேபிள் (டிவிக்கு வரும் கேபிள் மாதிரி) 10 மீட்டர் இழுத்தேன். ஒன்றும் மாறவில்லை. ஆன்டெனா சேர்த்துக் கொடுத்ததையெல்லாம் அந்தக் கேபிளே தின்றுவிட்டது. இந்த அலைவரிசையில் அந்த ரகக் கேபிளில் மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிபி போய்விடும். பிறகு ரௌட்டரையே பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துப் பைப்போடு கட்டிவிட்டு, லேன் கேபிளை மட்டும் கீழே இறக்கினேன். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். அன்று மாலையே மகள் கூடத்தில் உட்கார்ந்து வகுப்பைக் கேட்டாள்.

கல்லணைக் கால்வாய் (பேராவூரணி பக்கம்):

அண்ணே, உயரம் என்று சொன்னீர்களே, அதுதான் எங்கள் பிழைப்பே. நான் கேபிள் தொழிலில் இருக்கிறேன். ஃபைபர் இழுக்க முடியாத ஊர்களுக்கு 5.8 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் இந்த மாடியிலிருந்து அந்த மாடிக்கு இணைப்பு கொடுப்போம். அந்த அலைவரிசைக்கு உரிமம் வேண்டியதில்லை.

புதிதாக வருகிற பையன்கள் எல்லாருமே ஒரு தப்பைச் செய்வார்கள். பைனாகுலரில் பார்த்து எதிர்மாடி தெரிகிறது, போதும் என்பார்கள். போதாது. அலை நூல் பிடித்த மாதிரி போவதில்லை, நடுவழியில் உப்பிப் போகும். 4 கிலோமீட்டர் இணைப்பு என்றால் நட்டநடுவில் கோட்டிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் 7 மீட்டர் வரை அதற்கு இடம் வேண்டும், அதில் பாதிக்கு மேலாவது காலியாக இருக்க வேண்டும். நம் பூமி உள்ளங்கை மாதிரி சமதளம். மேடு கிடையாது, குன்று கிடையாது, ஏறி நிற்க ஓர் இடம் கிடையாது. குறுக்கே நிற்பதெல்லாம் நெட்டைத் தென்னை. மட்டையில் இருக்கும் ஈரம் அலையைக் குடித்துவிடும், மழையில் நனைந்த மட்டை என்றால் இன்னும் மோசம். காற்றில் மட்டை ஆட ஆட, வேகமும் கூடவே ஏறி இறங்கும். ஐப்பசியில் வரும் புகார்களில் பாதி இதுதான்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்தது. பொழுது விடிந்து மாடி ஏறிப் பார்த்தேன். அத்தனை வருடம் தென்னந்தலை மட்டுமே தெரிந்த திசையில் நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எங்கள் எதிர்க் கம்பம் அப்படியே தெரிந்தது. நடுவில் ஒரு மரம் நிற்கவில்லை. எங்கள் பெரியப்பா தோப்பும் அதில்தான் இருந்தது, அவர் வைத்த மரங்கள். நாட்கணக்கில் கரண்ட் இல்லை, டவர்களும் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. எங்கள் ரேடியோ இழுப்பது பத்து வாட்டுக்கும் குறைவு, அதனால் டிராக்டர் பேட்டரியில் கொடுத்து ஓட்டினோம். சிக்னல் நான் அதுவரை பார்த்திராத அளவுக்குச் சுத்தமாக இருந்தது. அதை நினைத்து என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. வெளியூரில் இருந்த பிள்ளைகளோடு ஊர்க்காரர்கள் வரிசையில் நின்று வாட்ஸ்அப்பில் பேசினார்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம்.

அதே தோப்பில் மறுபடி கன்று வைத்திருக்கிறோம். வளரட்டும். கம்பத்தை நான் உயர்த்திக்கொள்கிறேன்.

அலையாத்தி (வேதாரண்யம்):

கல்லணை அண்ணன் எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கடலோரத்தில் எங்களுக்கு வேறு ஒரு தொல்லை. மாசி முதல் சித்திரை வரை, காற்று ஓய்ந்த ராத்திரிகளில் கோடியக்கரைப் பக்கம் போனால் செல் தானாகவே இலங்கை நெட்வொர்க்கைப் பிடிக்கும். கடலை ஒட்டி ஈரக்காற்று, அதன் மேல் சூடான வறண்ட காற்று என்று அடுக்கு நின்றுவிட்டால், அலை மேலே போகாமல் வளைந்து நீர்மட்டத்தோடே ஓடும். பாக் நீரிணையைத் தாண்டுவது அதற்கு ஒரு தூரமே இல்லை. எனக்கு ஒருமுறை வெளிநாட்டு ரோமிங் கணக்கில் ரீசார்ஜ் பணம் முழுக்கப் போனது. நெட்வொர்க் தேர்வை மேனுவலில் வையுங்கள், டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள், படகில் போகிறவர்கள் கட்டாயம்.

இன்னொன்றும் உண்டு. 2300 மெகாஹெர்ட்ஸ் 4ஜியில் செல்லிலிருந்து டவருக்கு ஏறுவதும் டவரிலிருந்து செல்லுக்கு இறங்குவதும் ஒரே அலைவரிசைதான், முறை வைத்துப் பேசும், இரண்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி விடும். நெடுந்தூரத்து டவர் ஒன்றின் அலை இப்படிக் கடல்மேல் ஓடி, தாமதமாக வந்து சேர்ந்தால், நம் டவர் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் போய் விழும். அந்த ராத்திரிகளில் சிக்னல் முழுக்கோடு காட்டும், இணைப்பு நகராது. ரௌட்டரில் அலைவரிசைப் பட்டையை 850 அல்லது 1800 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் பிழைக்கலாம். அவற்றில் ஏறும் வழி தனி, இறங்கும் வழி தனி.

வெண்ணாறு (நீடாமங்கலம்):

நான் வயதில் மூத்தவன், அதனால் பழைய கதை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கள் தெருவுக்குக் கம்பியில்லாத் தொலைபேசி வந்தது, சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட். சுவரில் பெட்டி, மாடியில் சின்ன ஆன்டெனா. போனில் பேசிக்கொண்டே இணையத்துக்கு நொடிக்கு 35 கிலோபிட், பேசாவிட்டால் 70. ஒரு படம் இறங்குவதற்குள் காபி ஆறிவிடும். ஆனாலும் மெயில் வந்தது. 2010 அலைவரிசை ஏலத்துக்குப் பிறகு வைமாக்ஸ் என்ற கம்பியில்லா இணைய முறை வரும் என்று காத்திருந்தோம், கடைசியில் அதன் போட்டி முறையான எல்டிஇதான், இன்று 4ஜி என்கிறோமே அதுதான், நின்றது.

இப்போது மாடியில் 5ஜி பெட்டி. பகலில் பறக்கும், ராத்திரி எட்டு மணிக்கு மேல் படுத்துவிடும். மாட்ட வந்த தம்பி பக்கத்து டவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். கடைத்தெரு முழுக்க அந்த டவரில்தான் தொங்குகிறது. கொஞ்சம் தூரத்தில் வயல்நடுவே இருக்கிற இன்னொரு டவர் பக்கம் திருப்பச் சொன்னேன். சிக்னல் எட்டு டிபி குறைந்தது, ராத்திரி வேகம் கூடியது.

குடமுருட்டி:

ஐயா, இதை நான் யோசிக்கவே இல்லை. எங்களுக்கும் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு டவர் இருக்கிறது, நடுவில் வாழைதான், தென்னை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மகளைக் கீழே அளவு பார்க்கச் சொல்லிவிட்டுப் பைப்பைத் திருப்பப் போகிறேன். எண் என்ன வந்தது என்று இங்கேயே எழுதுகிறேன்.