பக்கத்து வீட்டு பி.ஒய். நம்பர்: சொன்னவர்களும் விட்டவர்களும்

மடிப்பாக்கம்வாசி

எங்கள் அடுக்ககத்தில் 24 வீடுகள். தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே கட்டம் போட்டு வண்டி நிறுத்துகிறோம். என் கட்டத்துக்கு அடுத்ததில் கறுப்பு நிறத்தில் ஒரு பெரிய கார் நிற்கிறது. பி.ஒய். 01, புதுச்சேரி நம்பர். வந்து இரண்டரை வருடம் ஆகிவிட்டது. வண்டிக்காரர் தினமும் ஓ.எம்.ஆர். பக்கம் வேலைக்குப் போய்த் திரும்புகிறார். பிள்ளைகள் படிப்பது இங்கேதான், ரேஷன் கார்டும் இங்கேதான். புதுச்சேரிக்கு அவர் போனதாக ஒரு தடவைகூடக் கேள்விப்பட்டதில்லை.

2024-ல் நான் 15 லட்சத்துக்கு ஒரு கார் எடுத்தேன். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் வாழ்நாள் வரியை ஏற்றியிருந்தார்கள். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம். ஆக 2 லட்சத்து 70 ஆயிரம். ஒரு வருடம் முன்னால் வாங்கியிருந்தால் 15 சதவீதத்தோடு போயிருக்கும். புதுச்சேரியில் இந்த வரி குறைவு. அந்தப் பணத்தைக் கட்டிய நாளிலிருந்து பக்கத்து நம்பர் பிளேட் என் கண்ணை உறுத்துகிறது. வண்டி விவரம் காட்டும் எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். பெயரை நட்சத்திரக் குறிகளால் மறைத்துக் காட்டியது. மற்றபடி எல்லாம் புதுச்சேரி.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவருடைய பம்பர் என் கட்டத்துக்குள் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருக்கும். நான் தூணை உரசாமல் வெளியே எடுக்க மூன்று தடவை முன்னும் பின்னும் போக வேண்டும். "புகார் கொடுக்கப்போறது வரிக்காகவா, தூணுக்காகவா?" என்று வீட்டில் கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

அறிவுரை வேண்டாம். யாராவது புகார் கொடுத்திருந்தால், அல்லது உங்கள் மேல் யாராவது கொடுத்திருந்தால், நடந்ததைச் சொல்லுங்கள்.

நாகூர்ப் பையன்

எங்கள் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள் அண்ணே. வாஞ்சூர் தாண்டினால் காரைக்கால், பி.ஒய். 02. பெண் கொடுத்தது அங்கே, கடை வைத்தது இங்கே என்று பாதிக் குடும்பங்களுக்கு இரண்டு பக்கமும் முகவரி இருக்கிறது. என் பெரியப்பா தெருவில் நிற்கும் பைக்குகளை எண்ணினால் டி.என். 51-ம் பி.ஒய்.-யும் சரிபாதி. இதில் வரிக்காக வாங்கியது எது, மாமனார் சீராகக் கொடுத்தது எது? மாமனாருக்கே தெரியாது.

கோவை ஓய்வூதியர்

நான் புகார் கொடுத்தவன். வங்கியில் 34 வருடம் குப்பை கொட்டியவன், கணக்கு சரியில்லை என்றால் தூக்கம் வராது.

எதிர்வீட்டில் டி.எஸ்., அதாவது தெலங்கானா நம்பர் கார் ஒன்று வந்து நின்றது. ஹைதராபாத்தில் இருந்த அந்த வீட்டு மகளும் மருமகனும் மாற்றலாகி வந்திருந்தார்கள். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வண்டி இருந்தால் நம்பர் மாற்ற வேண்டும் என்பது சட்டம். காலண்டரில் குறித்து வைத்து எண்ணினேன். பதினான்காவது மாதம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினேன். பெயர் போடவில்லை. தட்டச்சு செய்தால் இரக்கமில்லாத மாதிரி இருக்குமோ என்று கையால் எழுதினேன். ஏன் அப்படித் தோன்றியது என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

அவர்கள் நம்பர் மாற்ற ஏற்கெனவே நடையாய் நடந்துகொண்டிருந்திருக்கிறார்கள். வண்டி கடனில் வாங்கியது. கடன் கொடுத்த இடத்திலிருந்து சம்மதக் கடிதம் வர வேண்டும், அது வந்தால்தான் அங்கே என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று கிடைக்கும், அதை வைத்துத்தான் இங்கே வரி கட்ட முடியும். முதல் கடிதத்திலேயே எட்டு மாதம் சிக்கிக்கொண்டார்கள். விசாரணைக்குக் கூப்பிட்டபோது மருமகன் ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். அதோடு விட்டார்கள். ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் மனுவையும் அவர் பக்கம் திருப்பிக் காட்டியிருக்கிறார்.

எங்கள் தெருச் சங்கத்தின் சந்தா ரசீதுகளை 11 வருடமாக எழுதுவது நான்தான். என் 'ழ'வுக்குக் கீழே ஒரு கொக்கி நீளமாக இறங்கும். தெருவில் எல்லோருக்கும் அது பழக்கம்.

ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொங்கலன்று வழக்கம்போல் எதிர்வீட்டிலிருந்து தூக்கில் சர்க்கரைப் பொங்கல் வந்தது. தூக்கைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்த அம்மா வாங்கிக்கொண்டு, "இதுக்கு ரசீது எழுதலையா சார்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அடுத்த மாதம் சங்கப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன்.

மூன்று சக்கரம்

என் மேல் புகார் போனது. எனக்கு இடது கால் போலியோ. காரில் பிரேக்கும் கிளட்சும் கையால் இயக்கும்படி மாற்றி அமைத்திருக்கிறேன். இப்படி மாற்றிய வண்டிக்கு வரி விலக்கு உண்டு. குடியிருப்பில் ஒருவர் என் நம்பரைத் தேடிப் பார்த்துவிட்டு, "வரியே கட்டாமல் ஓட்டுகிறான்" என்று குழுவில் படம் பிடித்துப் போட்டார். நான் அந்தக் குழுவில் இருக்கிறேன் என்பதை மறந்துவிட்டார். மறுநாள் காலை காரின் கதவைத் திறந்து வைத்து, உள்ளே இருக்கும் கை நெம்புகோலை அவருக்கு இயக்கிக் காட்டினேன். "சாரி சார், நல்ல டெக்னாலஜி சார்" என்றார்.

ஆர்.டி.ஓ. வாசல்

இருபது வருடமாக ஒரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எதிரே பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கிறேன். புரோக்கர் என்று நீங்கள் சொல்வது என்னைத்தான். கொஞ்சம் விவரம் சொல்கிறேன்.

வெளி மாநில நம்பரைப் பார்த்ததும் திருட்டு என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டி இந்தியா முழுக்க ஓடலாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 47-ஆம் பிரிவு சொல்வதுதான் பெரியவர் எழுதிய பன்னிரண்டு மாதக் கணக்கு. 40-ஆம் பிரிவு, உரிமையாளரின் வீடோ தொழில் செய்யும் இடமோ இருந்து, வண்டியும் வழக்கமாக அங்கே நிற்கிற மாநிலத்தில் பதியச் சொல்கிறது. மடிப்பாக்கம்காரரின் பக்கத்து வீட்டுக்காரருக்குப் புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு பட்டறை இருந்து, வண்டி அந்தப் பட்டறையின் பெயரில் இருந்தால் என்ன சொல்வீர்கள்? வண்டி வழக்கமாக நிற்பது எங்கே என்ற கேள்வி அப்போதும் பாக்கி இருக்கும். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது யார்?

பி.எச். என்று தொடங்கும் நம்பரைப் பார்த்துவிட்டு "போலி பிளேட்" என்று ஓடி வந்தவர்களும் உண்டு. அது 2021-ல் வந்த பாரத் வரிசை. ராணுவத்தார், அரசு ஊழியர், நாலு மாநிலத்தில் கிளை வைத்திருக்கும் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் வாங்கலாம். வரியை இரண்டிரண்டு வருடமாகக் கட்டுவார்கள்.

நிஜமான தில்லுமுல்லும் இருக்கிறது. 2017-ல் கேரளத்தில் வெடித்ததே, அது அசல் சரக்கு. கோடி ரூபாய் காருக்கு அப்போது அங்கே 20 சதவீதம் கட்ட வேண்டியிருந்தது, புதுச்சேரியில் அதில் சின்னப் பங்குதான். அதனால் யார் வீட்டு முகவரியையோ போட்டு, ஒரு வாடகை ஒப்பந்தம், ஓர் ஆயுள் காப்பீட்டு பாலிசி என்று காகிதம் சேர்த்துப் பதிந்தார்கள். சினிமாக்காரர்கள் மேலேயே வழக்கு வந்தது. ஒரு நடிகர் பின்னால் 17 லட்சத்துச் சொச்சம் கட்டினார். அதைக் கிளப்பியவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் இல்லை, செய்தியாளர்கள்.

எங்கள் பக்கம் வருகிற புகார்களில் பாதிக்கு மேல் ஒரே வாசனை. முதல் பத்தியில் வரி இருக்கும், இரண்டாவது பத்தியில் கேட், தண்ணீர்த் தொட்டி, நாய். படிக்கிறவர்களுக்கு அது தெரியாமல் இல்லை. அப்புறம் ஒன்று, நாகாலாந்து நம்பர் போட்ட ஆம்னி பஸ்ஸில் வருடக்கணக்காகப் படுத்துத் தூங்கிக்கொண்டு ஊருக்குப் போனோமே, யாராவது புகார் எழுதினோமா? 2024 ஜூனில் அரசே நிறுத்தியபோது, டிக்கெட் போச்சே என்றுதான் கத்தினோம்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா

நான் சொன்னேன். இன்னொரு தடவை வந்தாலும் சொல்வேன்.

எங்கள் தெருக்கோடியில் ஒருவர் வெள்ளை போர்டு ஆம்னி வேனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போனார். சொந்த உபயோகத்துக்கென்று பதிந்த வண்டி. வாடகை வண்டிக்கான மஞ்சள் போர்டு என்றால் பர்மிட், வரி, எஃப்.சி. எனும் தகுதிச் சான்று என்று செலவு. அதெல்லாம் மிச்சம். எண்ணிப் பார்த்தேன், 13 பிள்ளைகள். பின்னால் மூட்டை வைக்கும் இடத்தில் ஒரு மரப்பலகை போட்டு, அதில் நான்கு பேர் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். என் சின்னவள் அந்தப் பலகையில்தான் போய்க்கொண்டிருந்தாள்.

முதலில் அவரிடமே கேட்டேன். "அண்ணா, மஞ்சள் போர்டு மாத்திடுங்களேன், நாங்க மாசம் கொஞ்சம் சேர்த்துத் தர்றோம்." "மாத்தினா கட்டுபடி ஆகாது தங்கச்சி" என்றார். கெட்ட மனிதர் இல்லை. மழை நாளில் பிள்ளைகளைக் குடை பிடித்து வாசல் வரை கொண்டுவந்து விடுவார். ஆனால் சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டி ஏதாவது ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். அதை நினைத்து இரண்டு இரவு தூங்கவில்லை. முதல்வர் உதவி எண் 1100-க்குப் போன் செய்து வண்டி நம்பரைச் சொன்னேன்.

பத்து நாளில் வண்டியைப் பிடித்தார்கள். அவர் அபராதம் கட்டினார், வேறு பழைய மஞ்சள் போர்டு வேன் ஒன்றை வாங்கினார். கட்டணம் மாதம் 600 ரூபாய் ஏறியது. மற்ற அம்மாக்களுக்கு அதுதான் கோபம். ஒருத்தி என் முகத்துக்கு நேராக, "உனக்கு என்னம்மா, உன் வீட்டுக்காரர் சம்பாதிக்கிறார்" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதனால்தான் வலித்தது. இப்போது பலகை இல்லை. இதில் வரி எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிச்சம் பிடித்த காசுக்கு என் பெண் பலகையில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

ஓசூர் 70

எங்கள் ஊரில் கதை தலைகீழ். 2023-க்கு முன்னால் 10 லட்சத்துக்குள் உள்ள காருக்குத் தமிழ்நாட்டில் 10 சதவீதம்தான், கர்நாடகத்தில் அதைவிடக் கூட. அதனால் பெங்களூருக்காரர்கள் ஓசூரில் இருக்கும் சித்தப்பா வீட்டு முகவரியில் டி.என். 70 வாங்கினார்கள். கர்நாடகம் 2014-ல், வெளி மாநில வண்டி முப்பது நாள் தாண்டினால் வரி கட்டு என்று சட்டத்தைத் திருத்தியது. மாட்டியது யார்? நிஜமாகவே ஓசூரில் குடியிருந்து தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போன எங்களைப் போன்றவர்கள். நேற்றுத்தான் எல்லை தாண்டினோம் என்று காட்ட அத்திப்பள்ளி சுங்கச்சாவடிச் சீட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு டாஷ்போர்டுக்குள் சேர்த்து வைப்போம். வெயிலில் எழுத்தெல்லாம் வெளுத்துப் போய் வெறும் தாள் ஆகிவிடும். 2016-ல் உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லாது என்றது, அப்புறம்தான் மூச்சு வந்தது. போர்ஷே, ஃபெராரி வைத்திருப்பவர்களை பெங்களூரில் 2025 பிப்ரவரியில் ஒரே நாளில் 30 வண்டி என்று பிடித்தார்கள். அன்றைக்கு எங்கள் ஆபீஸ் கேன்டீனில் நல்ல பேச்சு.

மடிப்பாக்கம்வாசி

எல்லோருக்கும் நன்றி. ஆர்.டி.ஓ. வாசல் அண்ணன் சொன்ன முதல் பத்தி, இரண்டாம் பத்தி கதையைப் படித்ததும் நான் எழுதி வைத்திருந்ததைத் திறந்து பார்த்தேன். இரண்டாம் பத்தியில் தூண் இருக்கிறது.

நேற்று லிஃப்டில் அவரும் நானும் மட்டும். துணிந்து கேட்டேன். "வண்டி பாண்டி நம்பர் போல?" "மாமனார் பேர்ல இருக்கு சார். மாத்தணும், மாத்தணும்" என்றார். நம்பும்படியாகவும் இருந்தது, நம்ப முடியாதபடியும் இருந்தது. அதற்குள் மூன்றாவது மாடி வந்துவிட்டது. பம்பரைப் பற்றியும் சொன்னேன். இன்று காலை வண்டி ஓர் அடி பின்னால் தள்ளி நிற்கிறது. இன்னும் அரை அடி பாக்கி.

அவர் மாமனார் பெயரில்தான் இருக்கிறதா என்று நட்சத்திரங்களுக்கு இடையே எழுத்தைக் கண்டுபிடிக்க ராத்திரி மறுபடி செயலியைத் திறந்தேன். சும்மா இருந்த கைக்கு, என் பழைய ஸ்கூட்டர் நம்பரையும் போட்டுப் பார்த்தேன். பையன் டியூஷனுக்கும் நான் காய்கறிக்கும் இன்னமும் ஓட்டுகிற வண்டி. பதினைந்து வருடம் முடிந்து, பதிவு காலாவதியாகி ஒன்றே முக்கால் வருடம் ஆகிறதாம். அப்படியென்றால் புதுப்பிக்கவில்லை, பசுமை வரியும் கட்டவில்லை. என் வண்டி நம்பரை வேறு யாராவது இதற்குள் போட்டுப் பார்த்திருப்பார்களோ என்று யோசித்தபடி படுத்திருந்தேன்.

ஆர்.டி.ஓ. வாசல் அண்ணே, இதற்கு என்னென்ன எடுத்துக்கொண்டு வர வேண்டும்?

ஆர்.டி.ஓ. வாசல்

ஆர்.சி. புக், இன்ஷூரன்ஸ், பொல்யூஷன் சர்டிபிகேட். வண்டியை நேரில் காட்ட வேண்டும், அதனால் ஹாரனும் இண்டிகேட்டரும் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு வாருங்கள். தாமதத்துக்கு அபராதம் தனி. காலை பத்து மணிக்கு முன்னால் வந்தால் நிழலில் நிற்கலாம்.