தெரேசின் முகாம் ஓவியர்களுக்குத் தாளும் மையும் எப்படிக் கிடைத்தன?

கேள்வி:
வணக்கம். பிராக் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தெரேசின் என்ற பழைய கோட்டை நகரை, 1941 நவம்பரில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைக்கும் முகாமாக்கினார்கள். அரைவயிற்றுக் கஞ்சியோடு, ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குப் புறப்படும் அடுத்த ரயிலில் யார் பெயர் வருமோ என்று அஞ்சியிருந்த மனிதர்கள், இத்தனை ஆயிரம் படங்கள் வரையத் தாளும் மையும் எங்கே பெற்றார்கள்? வரைய அனுமதி இருந்ததென்றால், ஓவியர்கள் சிலர் படம் வரைந்ததற்காகவே தண்டிக்கப்பட்டது ஏன்?

மறுமொழி 1:
பெரும்பாலும் முகாமின் வரைபட அலுவலகத்திலிருந்துதான் கிடைத்தன. மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கைகளுக்கு வரைபடங்களும் அழகான சித்திரங்களும் முகாமை நடத்திய நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரிகளுக்குத் தேவைப்பட்டதால், பெத்ரிஹ் ஃபிரிட்டாவின் பொறுப்பில் லியோ ஹாஸ், ஓட்டோ உங்கார், ஃபெர்டினாண்ட் பிளாக் முதலியோர் அங்கே அமர்த்தப்பட்டார்கள். பகலில் அந்த வேலை. அதே மையையும் தாளையும் கொண்டு, ஒளிந்து வரைந்தவை வேறு: மச்சுகளில் நெருக்கியடித்துக் கிடக்கும் முதியவர்கள், பிணவண்டியில் ரொட்டி ஏற்றி மனிதர்களே இழுத்துச் செல்லும் காட்சி, பின்னால் எதுவுமில்லாத கடை முகப்புகள்.

மறுமொழி 2:
அந்த முகப்புகள் 1944 ஜூன் 23 அன்று வந்த செஞ்சிலுவைக் குழுவை ஏமாற்றுவதற்காக எழுப்பியவை. வரைவது குற்றமன்று, கண்டதை வரைந்து வெளியே அனுப்பியதுதான் குற்றமாயிற்று. ஜூலை 17 அன்று ஓவியர்களை, யூதர்களை முகாம்களுக்கு அனுப்பும் பணியை நடத்திய எஸ்.எஸ். அதிகாரி ஐக்மன் முன்னிலையில் விசாரித்து, குடும்பத்தோடு அருகிலிருந்த சிறுகோட்டைச் சிறையில் அடைத்தார்கள். பிளாக் அங்கேயே கொல்லப்பட்டார். உங்காரின் வலக்கை நசுக்கப்பட்டது. ஃபிரிட்டா ஆஷ்விட்ஸில் இறந்தார். உயிர்பிழைத்த ஹாஸ் போருக்குப் பின் திரும்பி வந்து, சுவருக்குள் மறைத்தவற்றையும் தகரப்பெட்டியில் புதைத்தவற்றையும் மீட்டார். ஃபிரிட்டாவின் சிறு மகனைத் தத்தெடுத்து வளர்த்தவரும் அவரே.

மறுமொழி 3:
சிறார்களின் படங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். முறையான கல்வி தடைசெய்யப்பட்டிருந்தாலும் ஓவியம் கற்பிப்பதைக் காவலர்கள் பொருட்படுத்தவில்லை. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பயின்ற ஓவியர் ஃபிரீடில் டிக்கர்-பிராண்டைஸ், பயன்படுத்திய அலுவலகப் படிவங்களின் பின்பக்கத்திலும் பொட்டலத்தாளிலும் வரையச் செய்தார். ஒவ்வொரு படத்திலும் பெயரெழுதச் சொன்னார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். அவர் விட்டுச்சென்ற இரண்டு பெட்டிகளில் ஏறத்தாழ 4,500 படங்கள் இருந்தன. இவற்றில் பட்டாம்பூச்சிகளையும் பூக்களையும் மட்டும் பொறுக்கி, குழந்தைகளின் நம்பிக்கை என்று உருகுவது எனக்கு உடன்பாடில்லை. பல படங்கள் தாளலயம், நிறம், பழைய ஓவியங்களைப் பார்த்து அமைத்தல் என்று ஆசிரியை திட்டமிட்டுத் தந்த பயிற்சிகள். தாள் ஒட்டிச் செய்த படங்கள் சிலவற்றில் படிவத்தின் அச்சிட்ட கட்டங்கள் அப்படியே தெரிகின்றன. உங்கள் கேள்விக்கு அந்தக் கட்டங்களே நேரடிச் சான்று.