டிசம்பரில் பிறந்த பிள்ளையை ஆகஸ்டிலேயே பள்ளியில் விட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். நாங்கள் புதுச்சேரியிலிருந்து வந்து, இந்தியப் பெருங்கடலில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில், சேன் தெனி நகரில் இருக்கிறோம். மகள் டிசம்பரில் பிறந்தவள். 2019 முதல் இங்கே மூன்று வயதிலேயே பள்ளி கட்டாயம். எந்த ஆண்டு டிசம்பருக்குள் மூன்று வயது முடிகிறதோ, அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே மேத்தர்னெல் (மழலையர் பள்ளி) முதல் வகுப்பில் சேர்த்துவிட வேண்டும். அவளுக்கு அப்போது இரண்டு வயது எட்டு மாதம்தான் ஆகியிருக்கும். அதே வகுப்பில் ஜனவரியில் பிறந்த பிள்ளையும் இருக்கும். இந்த வயதில் பதினோரு மாத வித்தியாசம் பெரிது.

செருப்பைத் தானே மாட்டுவாள், தட்டில் போட்டதை அள்ளிச் சாப்பிடுவாள். என் பயமெல்லாம் பேச்சில்தான். "அம்மா, மூச்சா" என்று ஜட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள். அதைப் பிரெஞ்சில் சொல்லத் தெரியாது. டீச்சருக்குப் புரிவதற்குள் ஜட்டி நனைந்துவிட்டால் அவள் கூசிப்போவாள். ஒருமுறை பக்கத்து வீட்டில் அப்படி ஆகி, என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவே இல்லை.

முதல் வகுப்புக்கு மட்டும், மதியம் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம் என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கேட்கலாம். எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. ஆனால் சாப்பிட்டு எல்லோரோடும் படுத்துத் தூங்கினால்தான் சீக்கிரம் பழகும் என்கிறார் இவர்.

அப்படி எழுதிக் கேட்டவர்கள் உண்டா அக்கா, அண்ணா? எத்தனை மாதம் மதியம் வீட்டில் வைத்திருந்தீர்கள்? வீட்டில் தமிழ் மட்டுமே பேசிய பிள்ளைக்கு முன்கூட்டியே என்னென்ன பிரெஞ்சு வார்த்தைகள் சொல்லிக்கொடுத்தீர்கள்? கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.